பாட்டுக்குக் கொஞ்சம் பின்னால் வந்த மழை

போன வாரம் சென்டரில் பழைய கம்ப்யூட்டர்களைக் கழித்துக் கட்டினோம். பழைய சாமான் எடுக்க வந்தவர் ஒரு பெட்டியின் மூடியைக் கழற்றி, உள்ளே இருந்த சின்ன விசிறியை மேசை மேல் தட்டினார். தூசி விழுந்தது. தூசியோடு வெள்ளையாக ஒரு பொடியும் விழுந்தது. "இன்னாம்மா இது, கம்ப்யூட்டருக்குப் பவுடர் போட்டு வெச்சிருந்தீங்களா?" என்று சிரித்தார். விரலால் தொட்டு மூக்கருகே கொண்டுபோனேன். சூட்டில் காய்ந்துபோன கோலமாவின் வாசனை. அவர் அடுத்த பெட்டிக்குப் போய்விட்டார். நான் விரலைத் துடைக்காமல் அங்கேயே நின்றேன்.

நீ போய்ச் சில மாதங்கள் ஆகிவிட்டன. அந்தச் செய்தி வந்த விதத்தை இன்னும் என்னால் செரித்துக்கொள்ள முடியவில்லை. உன் நம்பரிலிருந்தே வந்தது. நீ போனில் பேசமாட்டாய், எழுதித்தான் அனுப்புவாய். தமிழை இங்கிலீஷ் எழுத்தில், புள்ளி கிள்ளி எதுவும் இல்லாமல், முக்கால்வாசி கிண்டலாக. அதனால் செல்போனில் உன் பெயரைப் பார்த்ததும் சிரித்துக்கொண்டேதான் திறந்தேன். 'அக்கா காலைல தவறிட்டாங்க சாயங்காலம் எடுக்கறோம்' என்று இருந்தது. உன் தங்கை அனுப்பியது என்பது எனக்கு உறைக்கவில்லை. நீ காய்ச்சல் என்று ஊருக்கு வந்து படுத்திருப்பதுகூட எனக்குத் தெரியாது. 'யாருடி தவறினது?' என்று பதில் எழுதினேன். உனக்கே அனுப்பினேன்.

அந்தக் கேள்விக்குப் பதில் வராமல் போனை வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நேரத்தைப் போல இன்னொன்று என் வாழ்க்கையில் உண்டு. அதுவும் உன்னால்தான். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நாம் பழகத் தொடங்கியபோது நான் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடியில் கம்ப்யூட்டர் சென்டர் தொடங்கிக் கொஞ்ச நாள் ஆகியிருந்தது. அதற்கு முன் அது டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட். நீ கீழ்பென்னாத்தூரிலிருந்து தினம் பஸ் ஏறி வந்து இங்கே ஒரு தனியார் பள்ளியில் டிராயிங் டீச்சராக இருந்தாய். கோடை விடுமுறையில் கம்ப்யூட்டரில் படம் போடக் கற்றுக்கொள்ள வந்தாய். மௌஸைப் பிடித்து ஒரு வட்டம் போட்டுப் பார்த்தாய். அது கிழங்கு மாதிரி வந்தது. "இதுக்கு நான் காலாலயே போட்டுடுவேன்டி" என்றாய். வந்த முதல் நாளே 'டி' போட்டாய். இரண்டு பேருக்கும் முப்பத்தைந்து நெருங்கிக்கொண்டிருந்தது, இரண்டு பேருக்கும் கல்யாணம் ஆகவில்லை. அதற்குமேல் எந்த அறிமுகமும் நமக்குத் தேவைப்படவில்லை. நான் உன்னை டீச்சரம்மா என்பேன். நீ என்னைக் கம்ப்யூட்டரு என்பாய்.

உன் பள்ளியில் யாரும் தொடாமல் ஒரு புரொஜக்டர் கிடந்தது. மேலே கண்ணாடித் தட்டு, கீழே பெரிய பல்பு, தட்டின்மேல் எதை வைத்தாலும் அதன் நிழல் திரையில் பெரிதாக விழும். பாடம் எழுதிய பிளாஸ்டிக் தாளை வைப்பதற்காக வாங்கியது. நீ அதில் கோலமாவைக் கொட்டினாய். மாவு வெள்ளை, ஆனால் வெளிச்சத்தை மறைப்பதால் திரையில் கறுப்பு. கண்ணாடி முழுக்கத் தூவினால் திரை முழுக்க இருட்டு. அந்த இருட்டில் விரல் நுனியால் ஒரு குத்து குத்தினால் ஒரு வெளிச்சத் துளி. "வெளுப்பா இருக்கறதெல்லாம் இங்க கறுப்பாத்தான் தெரியும். என்னைப் பொண்ணு பார்க்க வந்தவனுங்களை இதுல ஏத்தணும்டி" என்று முதல் நாள் சொன்னாய்.

அப்படித்தான் அந்த இருபது நிமிட நிகழ்ச்சி உருவானது. ஒரு மேகம், ஒரு மழை, ஒரு ஏரி, ஒரு கிணறு, ஒரு குடம். வார்த்தை கிடையாது. மாவும் உன் பத்து விரலும் கலர் கண்ணாடிக் காகிதமும்தான். உன் பள்ளியில் பாட்டு சொல்லித்தந்தவர் புல்லாங்குழலும் அவர் நண்பர் மிருதங்கமும் வாசித்து ஒரு கேசட்டில் பதிந்து கொடுத்தார்கள். அதைக் கம்ப்யூட்டருக்குள் ஏற்றியது நான். மழை வரும் இடத்தில் மிருதங்கம் மட்டும் தனியாகப் பேசும். ஒவ்வொரு அடிக்கும் உன் விரல் மாவில் இறங்கும், திரையில் ஒரு துளி விழும். பள்ளி ஆண்டுவிழாவில் குழந்தைகள் அண்ணாந்து பார்த்து, தங்கள் தலையைத் தடவிக்கொண்டதை நான் கண்ணால் பார்த்தேன்.

பிறகு பெங்களூரிலிருந்து அந்த வாய்ப்பு வந்தது. ஊர் ஊராகப் பள்ளிகளுக்குப் போய் இது மாதிரி நிகழ்ச்சிகள் நடத்தும் ஓர் அமைப்பு, ஒரு கலைஞரை நிரந்தரமாக வேலைக்கு எடுக்கிறார்கள் என்று தெரிந்தது. முழு நிகழ்ச்சியையும் வெட்டு ஒட்டு இல்லாமல் ஒரே ஓட்டமாகப் பதிந்து சிடியில் அனுப்ப வேண்டும். அவர்கள் கம்ப்யூட்டரில் பாட்டை ஓடவிட்டுத்தான் எல்லா ஊரிலும் நடத்துவார்கள், ஆகவே படமும் பாட்டும் பிசகாமல் சேர வேண்டும், அதுதான் முக்கியம் என்று சொல்லியிருந்தார்கள்.

உனக்கு அது எவ்வளவு முக்கியம் என்று எனக்குத் தெரியும். உன் பள்ளியில் ஒவ்வொரு மே மாதமும் உன்னை வேலையிலிருந்து எடுத்துவிடுவார்கள், ஜூனில் மறுபடி கூப்பிடுவார்கள். கூப்பிடுவார்களா மாட்டார்களா என்று நீயும் உன் அம்மாவும் தங்கையும் அந்த மாதம் முழுக்க வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். "இது மட்டும் கெடச்சுதுன்னா, மே மாசம்னு ஒண்ணு என் வாழ்க்கையிலயே இருக்காதுடி" என்றாய்.

பதிவு செய்யும் முறையை நாமே யோசித்துக் கண்டுபிடித்தோம். நம்முடைய ஊரில் எங்கே மைக்கை வைத்தாலும் ஏதாவது ஒரு ஒலிபெருக்கி உள்ளே வந்துவிடும். அதனால் கேமராவின் மைக்கை நிறுத்திவிட்டு, கம்ப்யூட்டரிலிருந்து ஒரு வயரை நேராகக் கேமராவுக்குக் கொடுத்தோம். இன்னொரு வயர் ஸ்பீக்கருக்கு. கேமரா திரையைப் பார்க்கும், கம்ப்யூட்டரைக் கேட்கும். படமும் சத்தமும் ஒரே டேப்பில் ஒன்றாக விழும். கம்ப்யூட்டரை உன் பக்கத்தில், அதன் முகம் உன்னைப் பார்க்கும்படி வைக்கச் சொன்னாய். "பாட்டு எங்க இருக்குதுன்னு எனக்குத் தெரியணும்." பாட்டு ஓடும்போது அதில் பச்சைக் கோடுகள் ஏறி இறங்கும், மிருதங்க அடிக்கு ஓரத்துக் கோடு துள்ளும். அது உனக்கு அழகாக இருக்கிறது போல என்று நினைத்துக்கொண்டேன்.

கல்யாண வீடியோ எடுக்கும் கஜேந்திரன்தான் கேமரா. முதல் தடவை பதிந்ததைப் போட்டுப் பார்த்தபோது மழை தப்பாகப் பெய்தது. மிருதங்கம் முதலில் விழுந்தது, துளி பின்னால் வந்தது. கண்ணிமைக்கும் நேரம்தான், ஆனால் பேசுகிறவர் உதடும் வார்த்தையும் சேராவிட்டால் எப்படி இருக்குமோ அப்படி உறுத்தியது.

"வயர் நீளம் ஜாஸ்தி மேடம். சவுண்டு சுத்திக்கினு வர்றதுக்கு லேட் ஆவுது" என்றார் கஜேந்திரன்.

"சவுண்டு முன்னாடி வருதுங்கண்ணே. கைதான் பின்னாடி வருது. வயர் நீளம்னா தலைகீழாத்தானே இருக்கணும்?"

அவர் வயரைக் கையில் எடுத்துப் பார்த்தார். "அப்பிடின்னா வயரைக் கம்மி பண்ணக் கூடாது. இன்னும் கொஞ்சம் நீட்டி உட்டுப் பாக்கலாமா?"

நீ அவர் வாயையும் என் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாய். நாங்கள் சிரித்த பிறகு நீயும் சிரித்தாய்.

வயரை மாற்றினோம். கேமராவை மாற்றினோம். பாட்டு ஓட்டும் புரோகிராமை மாற்றினேன், கம்ப்யூட்டருக்குள் சவுண்டுக்கான அட்டையை மாற்றினேன். கை பின்னாலேயே வந்தது. "உங்க பொட்டிதாங்க சரியில்ல" என்று அவர் சொல்ல, "உங்க கேமரா கல்யாணச் சாப்பாடு சாப்ட்டுத் தூங்குது" என்று நான் சொல்ல, நாட்கள் ஓடின. கடைசியில் சென்டருக்கு ஒரு புதுக் கம்ப்யூட்டர் வந்தது. அதை வைத்து மழைப் பகுதியை மட்டும் பதிந்து பார்த்தோம். பின்தங்கல் பாதிக்குப் பாதி குறைந்தது. நான் கஜேந்திரனை வெற்றிப் பார்வை பார்த்தேன். கம்ப்யூட்டர் வேகமானால் கையும் நெருங்குகிறது, ஆகவே கோளாறு கம்ப்யூட்டரில்தான் என்று நிரூபித்துவிட்டதாக நினைத்தேன். பி.எஸ்.சி. கணக்கு படித்தவள். கணக்கு சரியாகத்தான் இருந்தது. கணக்குக்குள் உன்னைச் சேர்க்க வேண்டும் என்று மட்டும் தோன்றவில்லை.

பௌர்ணமி கிரிவலக் கூட்டம் வடிந்த ஒரு காலை, வேங்கிக்கால் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தை அரை நாளுக்கு எடுத்தோம். ஜன்னல்களில் கறுப்புக் கம்பளி கட்டி இருட்டாக்கினோம். நீ புரொஜக்டருக்குப் பின்னால், உன் பக்கத்தில் புதுக் கம்ப்யூட்டரும் ஆள் உயர ஸ்பீக்கரும். நான் மண்டபத்தின் கோடியில் கஜேந்திரனோடு, கேமராவில் சத்தம் சரியாக ஏறுகிறதா என்று பார்த்துக்கொண்டு. இந்தத் தடவை ஆரம்பத்திலிருந்து முழுசாக.

மேகம் நன்றாகத் திரண்டது. புல்லாங்குழல் ஓய்ந்தது. மிருதங்கம் ஒற்றை அடியாகத் தொடங்கி, இரண்டாகி, நாலாகி, வேகம் பிடித்தது. திரையெங்கும் வெளிச்சத் துளிகள். இவ்வளவு அழகாக அது ஒருநாளும் வந்ததில்லை. திடீரென்று உன் கை நின்றது.

மிருதங்கம் நிற்கவில்லை. அது உச்சத்தில் இருந்தது, மண்டபமே அதிர்ந்தது. திரையில் உன் ஒற்றை விரலின் நிழல், ஒரு பனைமரம் அளவுக்கு, அசையாமல் நின்றது.

"இன்னாங்க ஆச்சு, டீச்சர் மறந்துட்டாங்களா?" என்று கஜேந்திரன் கிசுகிசுத்தார்.

மறந்துவிட்டாய் என்று நான் நினைக்கவில்லை. உனக்கு ஏதோ ஆகிவிட்டது, பக்கவாதமோ ஷாக்கடித்ததோ என்று நினைத்தேன். எழுந்து ஓடினேன். ஓடும்போதே உன் பெயரைச் சொல்லிக் கத்தினேன். நீ திரும்பவில்லை. உன் முதுகுக்குப் பின்னால் வந்து நின்று மறுபடி கத்தினேன். நீ திரும்பவில்லை. கண்ணைச் சிமிட்டாமல் கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டிருந்தாய். அதில் பச்சைக் கோடுகள் இல்லை. யாரும் தொடாமல் கொஞ்ச நேரம் விட்டால் தானாக வருமே அந்தப் படம், கலர் கலராகக் குழாய்கள் வளைந்து வளைந்து முளைத்துக்கொண்டிருந்தன. பழைய கம்ப்யூட்டரில் அதை நான் நிறுத்தி வைத்திருந்தேன். புதியதில் நிறுத்தவில்லை.

உன் தோளைத் தொட்டேன். தூக்கிவாரிப் போட்டுத் திரும்பினாய், உன் கை பட்டு மாவு சிதறியது. என் உதட்டைப் பார்த்துக்கொண்டு கேட்டாய்:

"பாட்டு நின்னுடுச்சாடி?"

ஆள் உயர ஸ்பீக்கர் உன் இடது கைக்குப் பக்கத்தில் இடியாய் இடித்துக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில் உன் கேள்வி எனக்குக் காதில் விழவில்லை. உன் வாயைப் பார்த்துத்தான் நானும் புரிந்துகொண்டேன்.

கஜேந்திரன் நீ ஏதோ ஜோக்கடிக்கிறாய் என்று தூரத்திலிருந்து சிரித்தார். மனித மூளை எவ்வளவு மெதுவானது என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். உன் கண்ணில் பயம் ஏறுவதைப் பார்த்த பிறகுதான், என் முகத்தில் தெரிந்துவிட்டதை நீ படித்துவிட்ட பிறகுதான், எனக்கே அது தெரிந்தது.

மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் வரிசையாகக் குழாய்கள் இருக்கும் இடத்தில் போய் நின்றோம். நீ கையிலிருந்த மாவைக் கழுவிக்கொண்டே இருந்தாய்.

"எப்போலேர்ந்துடி?" என்றேன், உன் முகத்தைத் திருப்பி.

"ரெண்டு மூணு வருஷமா கொஞ்சம் கொஞ்சமா போச்சு. போன ஆடிக்கப்புறம் சுத்தமா இல்ல."

"டாக்டரு?"

"வேலூர் போனேன். நரம்பு செத்துப்போச்சாம். மிஷின் வெச்சாலும் பிரயோஜனம் கம்மிதானாம்."

"தனியாவா போன?"

"பின்ன, பேண்டு வாத்தியத்தோடயா போவாங்க?"

நான் அழ ஆரம்பித்தேன். நீ அழவில்லை. "எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல" என்றேன்.

"சொல்லியிருந்தா நீ கத்திப் பேச ஆரம்பிச்சிருப்ப. நீ பேசறது எனக்கு நல்லாத் தெரியும்டி. வாயை நல்லா தொறந்து பேசுவ. எங்க ஹெச்.எம். மீசையிலதான் ஒண்ணும் புரியாது." பிறகு உன் குரல் இறங்கியது. "யார்கிட்டயும் சொல்லாத. பசங்க சத்தம் போடறது கேக்காத டீச்சரை எவன் வெச்சுப்பான்? அவங்களுக்கும் தெரியக் கூடாது, பெங்களூர்காரங்களுக்கு. பாட்டோட சேரணும்னுதானே கேக்கறாங்க. சேத்துடறேன்."

அப்போதுதான் அந்தப் பின்தங்கலின் கணக்கு எனக்கு விளங்கியது. பச்சைக் கோடு பாட்டைவிட ஒரு துளி நேரம் தாமதமாகத்தான் துள்ளும். பழைய கம்ப்யூட்டரில் அதிகம், புதியதில் குறைவு. நீ பாட்டைக் கேட்கவில்லை, கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாய். கம்ப்யூட்டர் எவ்வளவு பின்தங்கியதோ அவ்வளவுதான் உன் கை பின்தங்கியது. மற்றபடி நீ ஒரு அடியைக்கூடத் தவறவிடவில்லை.

அன்று வீட்டுக்கு வந்த பிறகு வேறு ஒன்று என்னைத் தாக்கியது. நான் கம்ப்யூட்டர்காரி. பாதி நேரம் திரையைப் பார்த்துக்கொண்டுதான் பேசுவேன். நீ எனக்குப் பின்னால் பெஞ்சில் உட்கார்ந்து ஏதாவது வரைந்துகொண்டிருப்பாய். ஒரு வருடமாக அப்படி உனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நான் எவ்வளவு பேசியிருக்கிறேன். கலெக்டர் ஆபீசில் வேலை பார்த்து, சென்டருக்கும் வந்துபோன ஒருவர் என்னைப் பெண் கேட்டு ஆள் அனுப்பியபோது, வேண்டுமா வேண்டாமா என்று தவித்து, இதுவரை யாரிடமும் சொல்லாததையெல்லாம் அப்படித்தான் உன்னிடம் சொன்னேன். நீ ஒன்றும் பேசவில்லை. ரொம்ப நேரம் கழித்து என் தோளில் கை வைத்து, "காப்பி குடிக்கப் போலாமா?" என்றாய். அந்த மௌனத்தை நான் பதிலாக எடுத்துக்கொண்டேன். என்னைப் புரிந்துகொண்ட ஒரே உயிர் நீதான் என்று அன்று ராத்திரி நினைத்துக்கொண்டேன். மறுநாள் அவருக்கு வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன்.

அடுத்த நாள் உன் எதிரில் உட்கார்ந்து, வாயை நன்றாகத் திறந்து, எல்லாவற்றையும் மறுபடி சொன்னேன்.

"அய்யோ, அந்த மாப்ளையா?" என்று நெற்றியில் அடித்துக்கொண்டாய். "கேட்டிருந்தா பண்ணிக்கடின்னு சொல்லியிருப்பேனே. நல்ல மனுஷன். மூக்குதான் கொஞ்சம் நீளம்."

இரண்டு பேரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம். அந்தச் சிரிப்பு அடங்கியதும் எனக்கு உடம்பு சில்லிட்டதை நீ கவனித்தாயா தெரியாது. வருத்தம் இல்லை, இன்றைக்கும் இல்லை. ஆனால் அவ்வளவு பெரிய ஒரு முடிவு அவ்வளவு காலியான இடத்தில் நின்றிருக்கிறது என்பதை நினைத்தால் இன்னமும் திகைப்பாக இருக்கிறது.

நிகழ்ச்சியை மறுபடி பதிந்தோம். இந்தத் தடவை நான் கேமரா பக்கம் போகவில்லை. கம்ப்யூட்டர் அருகே தரையில் உட்கார்ந்து, அந்தக் குழாய்ப் படம் வந்துவிடாமல் அவ்வப்போது மௌஸை ஒரு நூல் அசைத்துக்கொண்டே இருந்தேன். பதிந்ததைச் சென்டரில் கம்ப்யூட்டரில் ஏற்றி, சத்தத்தை மட்டும் மொத்தமாக ஒரு துளி பின்னால் தள்ளினேன். வெட்டவில்லை, ஒட்டவில்லை, நகர்த்தினேன். மிருதங்கமும் துளியும் ஒன்றின்மேல் ஒன்றாக வந்து உட்கார்ந்தன. கஜேந்திரன் அசந்துபோனார். "அப்ப கேமரா நல்லாத்தான் இருக்குது?" என்று மூன்று தடவை கேட்டார்.

நகர்த்துவதற்கு முன் இருந்ததையும் பின் இருந்ததையும் உனக்குப் போட்டுக் காட்டினேன். இரண்டையும் பார்த்தாய். "சேந்துடுச்சா?" என்று என்னைக் கேட்டாய். தலையாட்டினேன். "எனக்கு ரெண்டும் ஒரே மாதிரிதான் பெய்யுது" என்றாய். அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாய். எனக்குத்தான் தாங்கவில்லை.

பெங்களூரிலிருந்து நேரில் வரச் சொன்னார்கள். கிருஷ்ணகிரி வழியாக இரண்டு பஸ் மாறிப் போனோம். மடியில் கோலமாவு டப்பாவை வைத்துக்கொண்டு வழியெல்லாம் நீ தூங்கினாய், நான் தூங்கவில்லை. போய்ச் சேர்ந்ததும் அங்கே இருந்த மூன்று பேரில் ஒரு அம்மா, நம்முடைய சிடியைக் காட்டி, கையும் சத்தமும் இவ்வளவு கச்சிதமாகச் சேர்ந்த பதிவு வேறு யாரிடமிருந்தும் வரவில்லை என்றார். அடுத்து அரங்கத்தைக் காட்டினார்கள். பெரிய திரை, நல்ல புரொஜக்டர். கம்ப்யூட்டர் எங்கே என்று கேட்டேன். அது பின்னால் கண்ணாடி அறையில் இருந்தது. மேடையிலிருந்து பார்த்தால் அதன் முதுகுகூடத் தெரியாது.

நான் இங்கிலீஷில் அவர்களிடம் ஏதேதோ சொல்ல ஆரம்பித்தேன். கம்ப்யூட்டர் மேடைக்கு வர வேண்டும், வயர் நீளம், சத்தத்தின் தரம், எங்கள் முறை என்று. கஜேந்திரனே வெட்கப்படும் அளவுக்கு உளறினேன். நீ என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாய். உனக்கு இங்கிலீஷ் உதடு புரியாது. ஆனால் நான் பொய் சொல்லும்போது என் முகம் எப்படி இருக்கும் என்று தெரிந்திருக்கிறது. என் கையைப் பிடித்து நிறுத்தினாய்.

"சொல்லிடு."

"என்னத்தச் சொல்றது?"

"எனக்குக் காது கேக்காதுன்னு சொல்லு."

"டீச்சரம்மா, வேலை போயிடும்டி."

"இன்னும் வரவே இல்ல, எப்பிடிப் போகும்? சொல்லு. ஊர் ஊரா நீ வந்து மௌஸ ஆட்டிக்கினு இருப்பியா?"

எந்த ரகசியத்தைக் காப்பாற்றத் தூக்கத்தைத் தொலைத்தேனோ, அதை என் வாயாலேயே, எனக்குச் சரளமில்லாத ஒரு பாஷையில், முன்பின் தெரியாத மூன்று பேரிடம் சொன்னேன். சிடியில் சத்தத்தை நகர்த்தியதையும் சொல்லச் சொன்னாய். அதையும் சொன்னேன். என் குரல் வேறு யாருடையதோ போல இருந்தது. அந்த அம்மா, அப்படியானால் இங்கே எப்படிச் செய்வார் என்று கேட்டார்.

நான் உனக்குச் சொல்வதற்குள் நீயே அதை அவர் முகத்தில் படித்துவிட்டாய். புரொஜக்டருக்கு எதிரே, திரைக்கு முதுகு காட்டும்படி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாய். "கம்ப்யூட்டரு, இங்க ஒக்காரு. பாட்டைக் கேட்டு தொடையில தாளம் போடு. விரல் நல்லாத் தெரியட்டும்."

இவ்வளவு எளிய வழி ஒன்று இருக்கிறது என்று எனக்கு ஒருநாள்கூடத் தோன்றியதில்லை. எல்லாவற்றையும் வயரில்தான் தேடிக்கொண்டிருந்தேன்.

விளக்கை அணைத்தார்கள். புரொஜக்டரின் வெளிச்சம் கொஞ்சம் என் மடியில் விழுந்தது, அது போதும் என்று நீ தலையாட்டினாய். பாட்டு தொடங்கியது. மேகம் திரண்டது. மழை வந்தது. எனக்குப் பின்னால் திரை, நான் அதைப் பார்க்க முடியாது. உன் கையைத்தான் பார்த்தேன். என் உள்ளங்கை தொடையில் விழும் அதே நொடி உன் விரல் மாவில் இறங்கியது. ஒரு இமைப்பு முந்தவில்லை, பிந்தவில்லை. அத்தனை நாள் வயரையும் அட்டையையும் மாற்றி மாற்றித் தேடிய அந்தச் சேர்க்கை, இரண்டு பேருடைய கைகளுக்கு நடுவில் சும்மா நின்றுகொண்டிருந்தது. ஒரு அடி தவறினால் உன் மழை தவறிவிடும் என்ற பயத்தில் எனக்கு மூச்சு விடவும் மறந்துபோனது.

அதை அவர்கள் பதிந்து வைத்துக்கொண்டார்கள். அந்தப் பதிவில் எதையும் யாரும் நகர்த்தவில்லை. உன்னை எடுத்துக்கொண்டார்கள். தாளம் போட அங்கேயே ஒரு பெண்ணைச் சேர்த்துக்கொண்டார்கள். நீ ஊர் ஊராகப் போனாய். மே மாதத்தில்தான் உனக்கு விடுமுறை, சம்பளத்தோடு. 'இன்னிக்கி கோலார்ல மழை', 'நாளைக்கு ஓசூர்ல மழை' என்று எழுதி அனுப்புவாய். நான் சென்டரைத் திறந்து மூடிக்கொண்டிருந்தேன்.

பிறகு உன் நம்பரிலிருந்து அந்தச் செய்தி.

கீழ்பென்னாத்தூருக்கு எந்த பஸ்ஸில் ஏறினேன், எப்படி இறங்கினேன் என்று நினைவில்லை. உன்னைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். தலைமாட்டில் உன் அம்மா, பக்கத்தில் உன் தங்கை. நான் கால்மாட்டில், உன் முகத்துக்கு நேராகப் போய் நின்றேன். வாசலில் மேளக்காரர்கள் அடித்துக்கொண்டிருந்தார்கள், சுவரெல்லாம் அதிர்ந்தது. நான் அழவில்லை. உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. உன் தங்கை எழுந்து வந்து என் வலது மணிக்கட்டைப் பிடித்தாள்.

"போதும்க்கா" என்றாள். "போதும்."

கீழே பார்த்தேன். நின்றபடியே, எனக்குத் தெரியாமலே, அந்த மேளத்துக்கு நான் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். உனக்குத் தெரியும்படி, விரலை நன்றாக விரித்து.

என் கை இன்னும் அதை விடவில்லை. பஸ்ஸில் போகும்போதோ காய்கறி வாங்கும்போதோ எங்காவது ஒரு மேளம் கேட்டுவிட்டால் போதும், அது தானாக எழுந்து தொடைக்குப் போய்விடுகிறது. நான் நிறுத்துவதில்லை. தலையை நிமிர்த்தி, எதிரே யாராவது அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்களா என்று மட்டும் பார்க்கிறேன்.